நிறபேதமும் நீதிஸ்தலமும்

ஒரு தேசத்தில் நெடுநாளாக நடந்துவரும் அநீதியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அது பரம்பரை வழக்கம், மனித சுபாவத்தில் ஊறியது, சட்டம் போட்டு அதை மாற்ற முடியாது என்று சமாதானம் கூறுவோர் எங்கும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பு மக்களை ரயிலிலும், பள்ளிக்கூடத்திலும், ஹோட்டலிலும், மயானத்திலுங்கூட ஒதுக்கிவைத்த ஏற்பாட்டைப் பற்றியும் அந்நாட்டுப் பெரியோர் பலர் இவ்வாறே கூறிவந்தனர். ஆனால் அந்த ஏற்பாட்டின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போருக்கு வேறோர் உண்மை புலனாகும். வெறும் வழக்கமாக அங்குமிங்கும் இருந்துவந்த நிறபேதம், அடிமைத்தனம் ஒழிந்து கால் நூற்றாண்டு சென்ற பிறகே, தென்பகுதி ராஜ்யங்களின் சட்டசபைகளில் ஒவ்வொரு சட்டமாக இயற்றப்பட்டுக் கோட்டைச் சுவர்போல் எழுந்தது. அச்சுவர் நிலைக்குமா என்ற சந்தேகம் தோன்றிய வேளைகளில் வாஷிங்டனிலுள்ள சுப்ரீம் கோர்ட்டு அதற்கு முட்டுக்கொடுத்தது. பின்னர் அதே கோர்ட்டு, அதே அரசியல் சட்டத்தின் அதே ஷரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அச்சுவர் செல்லாது என்றது. இடையில் அந்த ஷரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

பொதுஜனக் கிளர்ச்சியில் ஈடுபட்டோர் இந்தச் சரித்திரத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்று நாம் கருதுகிறோம். கோர்ட்டுகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம், எவ்வளவு எதிர்பார்க்கலாகாது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எந்தத் தேசத்தின் சரித்திரத்திலும் கிடைப்பது அரிது.

1857-ம் வருஷம் மார்ச்சு மாதம் 6-ந் தேதி, டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் பிரதம நீதிபதி ரோஜர் டேனி தீர்ப்புக் கூறினார். அடிமைத்தனம் இல்லாத பிரதேசங்களில் எஜமானனோடு வருஷக்கணக்கில் வசித்ததனால் தாம் சுதந்திர மனிதரே என்பது ஸ்காட்டின் வாதம். டேனி அதை மறுத்ததோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்க வம்சத்தவர் எவரும், அடிமையாயினும் சுதந்திரராயினும், ஐக்கிய நாடுகளின் பிரஜையாக முடியாது என்றும் சொல்லிவிட்டார். இத்தீர்ப்பை அழிப்பதற்கு நான்கு வருஷ உள்நாட்டு யுத்தமும், லக்ஷக்கணக்கான உயிர்ச் சேதமும், மூன்று அரசியல் சட்டத் திருத்தங்களும் தேவைப்பட்டன. 1865-ல் வந்த 13-வது திருத்தம் அடிமைத்தனத்தை ஒழித்தது. 1868-ல் வந்த 14-வது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்தவரெல்லாம் பிரஜைகளே என்றும், எந்த ராஜ்யமும் எவருக்கும் சட்டத்தின் சம பாதுகாப்பை மறுக்கலாகாது என்றும் விதித்தது. 1870-ல் வந்த 15-வது திருத்தம் நிறத்தைக் காரணமாக வைத்து வாக்குரிமையை மறுக்கக் கூடாதென்றது. இம்மூன்றில் நடுவிலுள்ளதே நமது கதையின் கதாநாயகன். வில்லன்களின் கையிலும் அதுவே ஆயுதமாக இருந்தது.

1875-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் நிறைவேற்றிற்று. சத்திரங்கள், வண்டிகள், நாடகசாலைகள் ஆகியவற்றில் நிறபேதமின்றி எல்லோரையும் ஏற்கவேண்டும் என்பதே அதன் சாரம். எட்டு வருஷத்தில் அச்சட்டம் மாண்டது. 14-வது திருத்தம் ராஜ்ய சர்க்கார்களின் செயலைத்தான் தடுக்கிறது, ஹோட்டல்காரனும் நாடகக் கொட்டகைக்காரனும் தனி மனிதர்கள், அவர்களைக் காங்கிரஸ் கட்டுப்படுத்த முடியாது என்று 1883-ல் சுப்ரீம் கோர்ட்டின் எட்டு நீதிபதிகள் தீர்மானித்தனர். ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. அவர் கென்டக்கி ராஜ்யத்தைச் சேர்ந்த ஜான் மார்ஷல் ஹார்லன். அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். தமது மாறுபட்ட அபிப்பிராயத்தை எழுத அவருக்குப் பேனா ஓடாமல் இருந்ததாம். அப்போது அவருடைய மனைவி, டேனி டிரெட் ஸ்காட் தீர்ப்பை எழுதியபோது உபயோகித்த மைக்கூட்டை எடுத்து மேஜைமேல் வைத்ததாகவும், அதைக் கண்டதும் எழுத்து தடையின்றி ஓடியதாகவும் அந்த அம்மாள் தமது ஞாபகக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு மைக்கூட்டிலிருந்து இரண்டு விதமான நியாயமும் வந்தது.

தனி மனிதர் செய்வதைத் தடுக்க முடியாது, ராஜ்யம் செய்வதைத்தான் தடுக்கலாம் என்று 1883-ல் சொன்னார்கள் அல்லவா? அப்படியானால் ராஜ்யமே சட்டம் போட்டுப் பிரித்துவைத்தால் என்ன சொல்வார்கள்? இந்தக் கேள்வியை நியூ ஆர்லீன்ஸ் நகரத்துக் கறுப்பு மக்கள் தைரியமாகக் கேட்டனர்.

லூயிசியானா சட்டசபை 1890-ல் ஒரு ரயில்வே சட்டம் செய்தது. வெள்ளையருக்கும் மற்றவருக்கும் 'சமமான, ஆனால் தனியான' வண்டிகள் வைக்க வேண்டும். தனக்குரியதல்லாத வண்டியில் பிடிவாதமாக உட்காருபவருக்கு 25 டாலர் அபராதம் அல்லது 20 நாள் சிறை. இதில் ஒரு விலக்கு இருந்தது. பிற நிறத்துக் குழந்தையைப் பராமரிக்கும் ஆயாவுக்கு இச்சட்டம் பொருந்தாது! வெள்ளைக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் கறுப்புப் பெண் வெள்ளையர் வண்டியில் உட்காரலாம்; குழந்தையை இறக்கிவிட்டால் அவள் அங்கே இருப்பது குற்றம். கறுப்பு மனிதர் பக்கத்தில் இருப்பது வெள்ளையருக்குப் பொறுக்கவில்லை என்பது மெய்க் காரணமாக இருந்தால் இந்த விலக்குக்கு இடமேது? சேவகம் செய்யும் கறுப்பரை அவர்கள் பொறுப்பார்கள். சமமாகச் சீட்டு வாங்கிக்கொண்டு வரும் கறுப்பரையே பொறார்கள்.

அந்நகரத்தில் லூயி மார்ட்டினே என்ற பத்திரிகாசிரியர், ரொடால்ப் டெஸ்டூன் என்ற எழுத்தாளர் முதலானோர் 'பிரஜைகள் கமிட்டி' ஒன்றை அமைத்துப் பணம் வசூலித்தனர். வட பகுதியிலிருந்து ஆல்பியன் டூர்ஷே என்ற வெள்ளைக்கார வக்கீல் கட்டணமின்றி வழக்கை ஏற்றார். தனி வண்டிகள் வைப்பதனால் வீண் செலவு என்று ரயில்வே கம்பெனிகளுக்கே அச்சட்டத்தின் மேல் பிரியமில்லை. ஆகவே கம்பெனிக்கு முன்கூட்டியே விஷயம் தெரிவிக்கப்பட்டது. 1892-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி, ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி முதல் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு வெள்ளையர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய முன்னோரில் எட்டில் ஒரு பங்குதான் ஆப்பிரிக்க ரத்தம், பார்வைக்கு வெள்ளையரே. அவராகச் சொல்லியிராவிட்டால் கண்டக்டருக்குத் தெரிந்திராது. கமிட்டியாரே ஏற்பாடு செய்திருந்த துப்பறிவோன் அவரைக் கைது செய்தான். சட்டத்தை வேண்டுமென்றே மீறி, தண்டனையை ஏற்று, அதன் நியாயத்தைச் சபையில் கேட்கும் இந்த முறையைப் பிற்காலத்தில் நம் தேசத்தார் நன்கு அறிந்தனர். காந்தியடிகள் தென் ஆப்பிரிக்காவில் கால் வைப்பதற்கு ஓராண்டு முன்னரே அது நியூ ஆர்லீன்ஸில் நடந்தது.

ஒருவருடைய தோலைப் பார்த்து அவர் இன்ன ஜாதி என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ரயில்வே கண்டக்டரிடம் எப்படி ஒப்படைக்கலாம் என்று டூர்ஷே கேட்டார். இது செல்லுமானால், செம்பட்டை மயிருள்ளவர்களுக்கு ஒரு வண்டி, தெருவின் ஒரு பக்கம் வெள்ளையர் நடக்க மறுபக்கம் கறுப்பர் நடக்க என்றெல்லாம் சட்டம் செய்யலாமே என்ற வாதமும் எழுந்தது. 1896-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. வழக்கில் கலந்துகொண்ட எட்டு நீதிபதிகளில் ஏழு பேர் சட்டம் செல்லும் என்றனர். தீர்ப்பை எழுதிய ஹென்றி பிரௌன், பிரித்துவைப்பதனாலேயே கறுப்பருக்கு இழிவு உண்டாவதில்லை, இழிவென்று அவர்களே அர்த்தம் செய்துகொண்டால் அது அவர்கள் பாடு என்ற கருத்தில் எழுதினார். ஜாதி உணர்ச்சிகளை ஒழிக்கச் சட்டத்துக்குச் சக்தியில்லை என்றும் உபதேசித்தார். விசித்திரமான தர்க்கம்! மனிதரை ஒன்றுசேர்க்கச் சட்டத்துக்குச் சக்தியில்லையாம். ஆனால் சேர்ந்து உட்கார இசைந்தவர்களைப் பிரித்து 25 டாலர் அபராதம் போட மட்டும் சக்தி உண்டாம்.

முன்மாதிரியாக அவர் எடுத்துக்காட்டிய தீர்ப்புகளில் ஒன்று, பாஸ்டன் நகரப் பள்ளிகளில் கறுப்புக் குழந்தைகளைத் தனியே வைக்கலாம் என்று மாஸச்சூஸெட்ஸ் கோர்ட்டு வழங்கியது. அது 14-வது திருத்தம் பிறப்பதற்குப் பதினெட்டு வருஷங்களுக்கு முன் வந்தது. அது மட்டுமா? 1855-லேயே மாஸச்சூஸெட்ஸ் சட்டசபை அப்பிரிவினையைச் சட்டபூர்வமாக ஒழித்துவிட்டது. பிறந்த ஊரிலேயே புதைக்கப்பட்ட பிணத்தைத் தோண்டியெடுத்துச் சாக்ஷிக்கு நிறுத்தியது போன்றது இது.

இந்தத் தடவையும் ஹார்லன் ஒருவரே எதிர்த்தார். அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்ற அவருடைய வாக்கு பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றது. டிரெட் ஸ்காட் தீர்ப்பைப் போலவே இதுவும் விஷமாக முடியும் என்று அவர் எச்சரித்தார். ஆனால் அதே அபிப்பிராயத்தில் சீனரைப் பற்றி இழிவாகவும் எழுதியிருக்கிறார் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

மறுநாள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இத்தீர்ப்பை ரயில்வே செய்திகளுக்கு நடுவே சிறு குறிப்பாக வெளியிட்டது. அதன் பயங்கரம் அன்று பலருக்குத் தெரியவில்லை. பிளெஸ்ஸி 1897 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 டாலரைக் கட்டிவிட்டுத் தொழிலுக்குத் திரும்பினார். லூயிசியானா கவர்னர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2022 ஜனவரியில். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு எதற்கென்று பிளெஸ்ஸி கேட்டிருப்பாரோ என்னவோ!

ரயில் வண்டிக்குக் கிடைத்த முத்திரையை மற்றவற்றுக்கும் குத்திக்கொள்வதற்குத் தென்பகுதியார் தாமதிக்கவில்லை. டிராம், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர்க் குழாய், பூங்கா, சிறைச்சாலை என்று எல்லாம் இரண்டிரண்டாயின. ஓக்லஹோமாவில் டெலிபோன் அறைகள் தனித்தனி. பர்மிங்ஹாம் நகரில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து சொக்கட்டான் போன்ற பலகை ஆட்டம் ஆடுவதுங்கூட 1930-ல் சட்டவிரோதமாயிற்று. அட்லாண்டா கோர்ட்டுகளில் சாக்ஷி சொல்லும் கறுப்பர் சத்தியம் செய்வதற்குத் தனியாக ஒரு பைபிள் வைத்திருந்தனராம். தனி என்பது நடந்தது; சமம் என்பது நடக்கவில்லை. அதைக் கோர்ட்டு கேட்கவுமில்லை. 1899-ல் ஜார்ஜியா ராஜ்யத்து அகஸ்டா நகரில், வெள்ளைப் பிள்ளைகளுக்கு உயர்தரப் பள்ளி நடத்திக்கொண்டே கறுப்புப் பிள்ளைகளின் ஒரே உயர்தரப் பள்ளியை மூடிவிட்ட வழக்கு வந்தது. பணமில்லை என்ற சாக்கைச் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. அத்தீர்ப்பை எழுதியவர் யார்? ஹார்லனேதான். மகான்களைப் பற்றியும் நாம் கண் திறந்திருக்க வேண்டியிருக்கிறது.

வாக்குரிமையின் கதி இன்னும் பரிதாபம். வாக்குரிமை இருந்தால் சட்டசபை மூலமாகவாவது கறுப்பர் பரிகாரம் தேடலாம். மிஸிஸிப்பி ராஜ்யம் தலைவரியும் எழுத்தறிவுப் பரீக்ஷையும் வைத்து அதைப் பறித்தது. சட்டத்தில் நிறத்தின் பெயர் இல்லை, ஆகவே குற்றமில்லை என்று 1898-ல் கோர்ட்டு ஏகமனதாகக் கூறிற்று. இத்தனைக்கும் 1886-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ சீன வண்ணார்களின் வழக்கில், சட்டத்தின் வாசகம் பேதமற்றதாயிருந்தாலும் அதை நிறைவேற்றும் முறை பேதமுள்ளதாயிருந்தால் அது செல்லாது என்று தீர்ப்பளித்ததும் இதே கோர்ட்டுதான். லூயிசியானாவில் 1896-ல் 1,30,000-க்கு மேற்பட்ட கறுப்பு வாக்காளர் பதிவாகியிருந்தனர். 1904-ல் 1,342 பேர் மிஞ்சினர். 1903-ல் அலபாமாவிலிருந்து ஜைல்ஸ் என்பவர் வந்து முறையிட்டபோது, பெரும் புகழ்பெற்ற நீதிபதி ஹோம்ஸ் கூறிய விடை, கோர்ட்டுகளின் மேல் அளவுகடந்த நம்பிக்கை வைப்போர் மனத்தில் நிறுத்தவேண்டியது. வெள்ளை ஜனங்களில் பெரும்பான்மையோர் திட்டமிட்டு வாக்குரிமையை மறுப்பார்களானால், காகிதத்தில் ஒரு பெயரைப் பதிவதனால் பிரயோஜனமில்லை, அரசியல் அநீதிக்குப் பரிகாரம் அரசியலில்தான் தேடவேண்டும் என்பதே அதன் கருத்து. வாக்குரிமை பறிபோய்விட்டது என்று வந்தவனை, வாக்களித்துப் பரிகாரம் தேடிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள்!

இந்தியரும் இந்தச் சுழலில் அகப்பட்டதுண்டு. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்தவர்களில் 'சுதந்திர வெள்ளை மனிதரும்' ஆப்பிரிக்க வம்சத்தாருமே பிரஜைகளாக முடியும். 1922-ல் ஒஸாவா என்ற ஜப்பானியர் தமது தோல் வெண்மையானதே என்றார். வெள்ளையர் என்பது தோலைக் குறிப்பதன்று, காகேசிய வம்சத்தைக் குறிப்பது என்று நீதிபதி ஸதர்லண்டு அவரைத் தள்ளினார். மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திண்டு என்ற பஞ்சாபி சீக்கியரின் வழக்கு வந்தது. முதல் மகாயுத்தத்தின்போது அமெரிக்கச் சேனையில் சேவை செய்தவர் அவர். மனித சாஸ்திரிகளின் கூற்றுப்படி வட இந்தியர் காகேசிய வம்சத்தவரே, ஆகவே தாம் தகுதியுடையவர் என்றார். அதே ஸதர்லண்டு, சாஸ்திரம் எதற்கு, சாதாரண வெள்ளை மனிதன் வெள்ளையன் என்று யாரை நினைக்கிறானோ அவனே வெள்ளையன் என்று முடித்தார். தோலைக் காட்டினால் வம்சத்தைக் கேட்பது, வம்சத்தைக் காட்டினால் தோலைக் கேட்பது! இத்தீர்ப்பைக் கொண்டு, ஏற்கெனவே பிரஜைகளாயிருந்த பல இந்தியர்களின் உரிமையைப் பறிக்கவும் சர்க்கார் முனைந்தது. கலிபோர்னியாவில் பிரஜையாகத் தகுதியற்றவர் நிலம் வாங்க முடியாது. 1946-ல்தான் இந்தியருக்கு அந்தக் கதவு சட்டப்படி திறந்தது.

திண்டுவின் தரப்பில் வாதித்தோர் கூறிய ஒரு விஷயத்தை நாம் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. உயர் ஜாதி இந்து, தன் நாட்டுப் பூர்வகுடிகளை எப்படிப் பார்க்கிறானோ அப்படித்தான் அமெரிக்கன் நீக்ரோவைப் பார்க்கிறான், ஆகவே இருவரும் ஓரினமே என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தீண்டாமையையே வெள்ளை நிறத்துக்கு அத்தாக்ஷியாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த வாதம் தோற்றதற்கு நாம் துக்கப்படவில்லை.

மிஸிஸிப்பியில் ஒரு சீன மளிகைக்காரரின் மகளை வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றினர். அந்த வழக்கில் 1927-ல் பிரதம நீதிபதி டாப்ட், இவ்விஷயம் முன்பே முடிந்துபோனது என்று சொல்லி மேலே விசாரிக்கவே மறுத்தார். பிளெஸ்ஸியின் ரயில் வண்டி முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு தூரம் ஓடிவிட்டது.

அதை எதிர்த்துத் திருப்பத் தொடங்கியவர் சார்லஸ் ஹூஸ்டன் என்ற கறுப்பு வக்கீல். ஹார்வர்டில் சட்டம் பயின்று, ஹோவர்டு சர்வகலாசாலையில் கறுப்பு இளைஞர்களுக்குச் சட்டம் போதித்தவர். அவருடைய சீடர்களில் தலைசிறந்தவர் தர்குட் மார்ஷல். தனி என்பதை உடனே எதிர்த்தால் 1896-ம் வருஷத் தீர்ப்பில் முட்டி நிற்போம், ஆகையால் சமம் எங்கே என்று கேட்போம் என்பது ஹூஸ்டன் வகுத்த உபாயம். சட்டக் கல்லூரியில் தொடங்கியதும் யூகத்தோடுதான். நீதிபதிகள் எல்லோரும் சட்டம் படித்தவர்கள். நல்ல சட்டக் கல்லூரி எது, கெட்டது எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஸௌரி ராஜ்யம், லாயிட் கெயின்ஸ் என்ற மாணவரை, பணம் தருகிறோம், வேறு ராஜ்யத்தில் போய்ப் படி என்றது. அது செல்லாதென்று 1938-ல் தீர்ப்பாயிற்று. டெக்ஸாஸ் ராஜ்யம், ஹெமன் ஸ்வெட் என்ற தபால்காரருக்காக அவசரம் அவசரமாக ஒரு தனிச் சட்டப் பள்ளியை ஏற்படுத்தியது. கட்டிடத்தையும் புஸ்தகத்தையும் எண்ணிப் பார்த்தால் போதாது, ஆசிரியர்களின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு ஆகிய எண்ணில் அடங்காதவையும் சமமாக வேண்டும் என்றது கோர்ட்டு. ஓக்லஹோமா சர்வகலாசாலையோ, ஜார்ஜ் மக்லாரின் என்ற வயது முதிர்ந்த ஆசிரியரை உள்ளே அனுமதித்துவிட்டு, வகுப்பை ஒட்டிய ஒரு சிற்றறையில் உட்கார்ந்து பாடம் கேட்கச் செய்தது. புஸ்தகசாலையில் மாடியில் ஒரு தனி மேஜை, சாப்பாட்டு விடுதியில் ஒரு தனி மேஜை. அதே ஆசிரியர்கள், அதே பாடம், அதே கட்டிடம். சமத்துவத்தில் குறைவென்று எதைக் காட்ட முடியும்? ஆயினும் 1950 ஜூன் 5-ந் தேதி அதுவும் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பிரித்துவைப்பதே குறைவு என்று சொல்வதற்கு இனி ஓரடிதான் பாக்கி. அதைப் பார்க்க ஹூஸ்டன் இல்லை, ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார்.

அந்த ஓரடியை எடுத்துவைக்கும்படி செய்தவர்கள் வக்கீல்கள் மட்டுமல்லர். தென் கரோலினாவில் கிளாரண்டன் ஜில்லாவில் வெள்ளைக் குழந்தைகளுக்கு 30 பஸ்கள் ஓடின; கறுப்புக் குழந்தைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு பஸ் வேண்டுமென்று கேட்டதில் பிறந்த வழக்கு அது. முதல் வாதியான ஹாரி பிரிக்ஸுக்கு பெட்ரோல் கடை வேலை போயிற்று; அவர் மனைவிக்கும் வேலை போயிற்று; முன்னின்று நடத்திய பாதிரியார் டிலேனின் வீடு எரிந்தது. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்டு ஜில்லாவில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் 1951-ல் பள்ளி மாணவர்களைத் திரட்டி வேலை நிறுத்தம் செய்தாள். இவை கான்ஸாஸ், டெலவேர் வழக்குகளோடு சேர்ந்து பிரௌன் வழக்கு என்ற பெயரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தன. 1952 டிசம்பரில் அமெரிக்க சர்க்காரே, நிறபேதத்தினால் வெளிநாடுகளில் தங்கள் மதிப்புக் கெடுகிறது என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிதாக விடுதலை பெற்ற, விடுதலை கோரிய மக்களின் கண்ணும் அந்தக் கோர்ட்டில் ஒரு கட்சிக்காரராக நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

1954-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி, பிரதம நீதிபதி ஏர்ல் வாரன் ஒன்பது நீதிபதிகளின் ஏகமனதான தீர்ப்பைப் படித்தார். சாதாரண ஜனங்கள் படிக்கவேண்டுமென்று அதைச் சுருக்கமாகவே எழுதியிருந்தார். கல்வியில் தனியாக வைப்பது என்பதே சமத்துவத்துக்கு விரோதம் என்றாயிற்று. இழிவு கறுப்பரின் கற்பனை என்று பிரௌன் எழுதிய வாக்கு ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பின் குப்பைக்குப் போயிற்று. (தீர்ப்பை எழுதிய பழைய நீதிபதியின் பெயரும் பிரௌன், அதை ஒழித்த வழக்கின் பெயரும் பிரௌன். சரித்திரத்தின் வேடிக்கைகளில் இது ஒன்று.)

ஆனால் எப்போது நிறைவேற்றுவது? ஒரு வருஷம் கழித்து 1955 மே 31-ந் தேதி அதற்கு வந்த விடையில் தேதி ஒன்றும் இல்லை. ஆலோசனையோடு கூடிய வேகத்தில் நடக்கட்டும் என்ற கருத்தில் ஒரு சொற்றொடர் மட்டுமே இருந்தது. தென்பகுதி சர்க்கார்கள் ஆலோசனையை எடுத்துக்கொண்டு வேகத்தை விட்டுவிட்டன. பார்பரா ஜான்ஸின் ஜில்லாவில் 1959-ல் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டனர். ஐந்து வருஷம் திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி நடந்தது; கறுப்புப் பிள்ளைகள் பலர் அந்த ஐந்து வருஷமும் படிப்பே இன்றி வளர்ந்தனர். 1964-ல்கூட, உள்நாட்டு யுத்தத்தில் பிரிந்துபோன பதினொரு ராஜ்யங்களிலும் வெள்ளையரோடு சேர்ந்து படித்த கறுப்புக் குழந்தைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1896-ம் வருஷத் தீர்ப்பு ஆலோசனையோடு கூடிய வேகத்திலா அமுலுக்கு வந்தது? பூட்டுவதற்குச் சட்டசபையும், போலீசும், ரயில்வே கண்டக்டரும் ஒரே நாளில் உடன்பட்டார்கள்; திறப்பதற்கு ஒருவரும் உடன்படவில்லை.

இங்கேதான் ஜனசக்தியின் வேலை வருகிறது. 1955 டிசம்பர் 5-ந் தேதி முதல் அலபாமாவின் மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பு மக்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்து 381 நாள் நடந்தனர். மார்ட்டின் லூதர் கிங் காந்தியடிகளின் மார்க்கத்தைப் பின்பற்றினார் என்பது உலகறிந்தது. அத்தனை நாள் நடந்தும் பஸ் கம்பெனியும் நகரசபையும் இறங்கிவரவில்லை. 1956 நவம்பர் 13-ந் தேதி, பகிஷ்காரக்காரர்கள் ஏற்படுத்தியிருந்த கார் ஏற்பாட்டைத் தடுக்க நகரசபை கேட்ட உத்தரவுக்காகக் கிங் உள்ளூர்க் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். வழக்குத் தோற்கும் என்றே நினைத்தார். அப்போது ஒரு நிருபர் சீட்டொன்றைக் கொடுத்தார்: பஸ்ஸில் பிரித்துவைப்பது செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது! அந்த வழக்கின் வாதிகள் நான்கு பெண்கள். நடந்தவர்கள் இன்றி வழக்குக்கு உயிரில்லை. வழக்கின்றி நடந்தவர்களுக்கு முடிவில்லை. இரண்டில் எது பெரிதென்று நமக்குள் வாதம் செய்துகொண்டிருப்பது வீண் காரியம்.

1964-ல் காங்கிரஸ், ஹோட்டல்களிலும் நாடகசாலைகளிலும் நிறபேதம் கூடாதென்று மறுபடியும் சட்டம் செய்தது. 1883-ல் மாண்ட சட்டமே மறுபிறவி எடுத்தது என்னலாம். இம்முறை கோர்ட்டு அதை ஏற்றது; ஆனால் ராஜ்யங்களுக்கிடையே நடக்கும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ்! மனிதர் என்ற முறையில் கிடைக்காத உரிமை, ஹோட்டலில் தங்கும் வாடிக்கைக்காரர் என்ற முறையில் கிடைத்தது. 1967-ல் கலப்பு மணத் தடைச் சட்டங்கள் ஒழிந்தன. 1969-ல் பள்ளிகளில் இனித் தாமதம் கூடாது, உடனே சேர்க்க வேண்டும் என்று பதினைந்து வருஷத்துக்குப் பிறகு உத்தரவு பிறந்தது. தென்பகுதிப் பள்ளிகள் அதன் பின்னரே மெய்யாக மாறின.

வடபகுதியின் கதை வேறு. அங்கே சட்டம் பிரிக்கவில்லை, வீடுகள் பிரித்தன. லூயிவில் நகரம் தெருவாரியாக நிறங்களைப் பிரித்துச் செய்த சட்டத்தை 1917-லேயே கோர்ட்டு தள்ளியிருந்தது; சமத்துவத்துக்காக அன்று, சொத்தை விற்கும் உரிமைக்காக. உடனே வீட்டுப் பத்திரங்களிலேயே, கறுப்பருக்கு விற்பதில்லை என்று எழுதிக்கொள்ளத் தொடங்கினர். 1926-ல் கோர்ட்டு அதைத் தொடாமல் விட்டது. அப்பத்திரங்களைக் கோர்ட்டுகள் அமுல் நடத்தலாகாதென்று 1948-ல் தீர்ப்பான வழக்கில் ஒன்பது நீதிபதிகளில் மூவர் அமரவில்லை. அதற்குள் நகரங்களின் நடுவே கறுப்பரும், சுற்றுப்புறங்களில் வெள்ளையருமாக ஜனங்கள் பிரிந்துவிட்டனர். டெட்ராயிட் நகரத்தின் பள்ளிகளைச் சுற்றுப்புறத்து 53 பள்ளி ஜில்லாக்களோடு சேர்த்துக் கலக்கவேண்டும் என்ற உத்தரவை, 1974 ஜூலை 25-ந் தேதி ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட்டு ரத்துசெய்தது. ஜில்லா எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாதென்றது. எதிர்த்த நால்வரில் ஒருவர், 1967 முதல் அதே கோர்ட்டில் நீதிபதியாயிருந்த தர்குட் மார்ஷல். தாம் வக்கீலாக நின்று இருபது வருஷத்துக்கு முன் பெற்ற வெற்றி ஒரு நிலப்படக் கோட்டில் நின்றுபோனதை அவர் நீதிபதியாக உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது.

2007 ஜூன் மாதத்தில் அதே லூயிவில் நகரம் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது, ஸியாட்டில் நகரத்தோடு சேர்ந்து. இத்தடவை அந்நகரத்தார் பிள்ளைகளைப் பிரிப்பதற்காகவல்ல, கலப்பதற்காகவே நிறத்தைக் கணக்கில் எடுத்திருந்தனர். அதுவும் செல்லாதென்று ஐவருக்கு நால்வர் கணக்கில் தீர்ப்பாயிற்று. வென்றவர்கள் பிரௌன் தீர்ப்பைத் தங்களுடையதென்றனர், தோற்றவர்களும் தங்களுடையதென்றனர். வென்ற ஐவரில் ஒருவர் தமது கட்சிக்குச் சாக்ஷியாக எடுத்துக்காட்டியது, அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாதென்று லூயிவிலுள்ள அதே கென்டக்கி ராஜ்யத்துக்காரரான ஹார்லன் 1896-ல் தனி ஒருவராக எழுதிய அதே வாக்கியத்தை.